சண்டை வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைகள்: ஜுஜுட்ஸு கைசென், டோக்கியோ கூல் மாதிரி இருண்ட அனிமே வேறு என்ன இருக்கிறது?

நிழல்வாசி

ஜுஜுட்ஸு கைசென் முதல் இரண்டு சீசனையும் போன வாரம் பார்த்து முடித்தேன். அதற்கு முன்னால் டோக்கியோ கூல் முதல் சீசன். அதிலிருந்து எதைத் திறந்தாலும் மனம் ஒட்டவில்லை. நான்கைந்து தொடர்களை ஆரம்பித்து இரண்டாவது எபிசோடிலேயே மூடிவிட்டேன். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பேய், சாபம், அரக்கன் என்று ஏதாவது ஒன்று கதையில் இருக்க வேண்டும். நாயகனோ நாயகியோ பள்ளி வயதில் இருக்க வேண்டும். முக்கியமாக, அவர்கள் சண்டைக்கு ஆசைப்பட்டு வந்தவர்களாக இருக்கக் கூடாது. உலகத்திலேயே பெரிய ஆளாக வருவேன் என்று முதல் காட்சியிலேயே கத்தும் பையன்கள் கதையும் எனக்குப் பிடிக்கும். இப்போது மனம் அதில் போகவில்லை.

ஜுஜுட்ஸுவில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது நான்காவது எபிசோடு. அதுவரை நாயகன் யூஜி எதற்கும் அசராத பையன். அந்தத் தடுப்புக்காவல் மையத்தில் பெரிய சாபத்தின் முன்னால் தனியாக மாட்டிக்கொண்டதும், அன்றைக்கு அந்தச் சபிக்கப்பட்ட விரலை எடுக்காமல் இருந்திருக்கலாமே, விழுங்காமல் இருந்திருக்கலாமே என்று நினைக்கிறான். சாக வேண்டாம் என்று அழுகிறான். ஹீரோக்கள் அழுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே வந்ததே தப்பு என்று நினைத்து அழுகிற ஒருவனை அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த உணர்வு உள்ள தொடர்கள்தான் வேண்டும்.

ஸ்பாய்லர் இல்லாமல் சொல்லுங்கள், தயவுசெய்து.

கருப்புக்குடை

செயின்சா மேன். 2022-இல் வந்தது, 12 எபிசோடு, ஜுஜுட்ஸுவைச் செய்த அதே மாப்பா ஸ்டுடியோ. யோசிக்காமல் ஆரம்பியுங்கள்.

அது முடிந்ததும் டெவில்மேன் க்ரைபேபி. 2018, 10 எபிசோடுதான். ஆனால் வன்முறையும் உடல் சார்ந்த காட்சிகளும் மிக அதிகம், பெரியவர்களுக்கான தொடர். கோ நகாய் 1970களில் வரைந்த மங்காவிலிருந்து (ஜப்பானியப் படக்கதை) வந்தது. இன்று நாம் இருண்ட அனிமே என்று சொல்லும் பல கதைகளுக்கு விதை அங்கே இருக்கிறது.

பழையநாடா

எவாஞ்சலியன் பார்த்துவிட்டீர்களா? பார்க்கவில்லை என்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

1995 அக்டோபரில் ஆரம்பித்த தொடர், 26 எபிசோடு. ரோபோ கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். நீங்கள் கேட்கிற அந்த உணர்வைப் பற்றி மட்டுமே ஒரு முழுத் தொடர் எடுத்தால் எப்படி இருக்குமோ அதுதான் இது.

ஷின்ஜிக்கு 14 வயது. பல வருடங்களாகத் தன்னைக் கண்டுகொள்ளாத அப்பா திடீரென்று வரச் சொல்கிறார். போய் நின்றால், இதோ இந்த இயந்திரத்தில் ஏறு, வெளியே நிற்பதோடு சண்டை போடு என்கிறார். முடியாது என்கிறான் பையன். அப்பா கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. பயன்படாதவன் போகலாம் என்கிற தோரணையில், உடம்பெல்லாம் கட்டுப்போட்ட இன்னொரு பெண்ணை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவரச் சொல்கிறார். அவளுக்கும் அதே வயதுதான். கட்டடம் அதிர்கிறது, அவள் கீழே விழுகிறாள், ஷின்ஜி ஓடிப்போய்த் தாங்குகிறான். கையை விரித்துப் பார்த்தால் ரத்தம். அப்புறம்தான் ஓடக் கூடாது, ஓடக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏறுகிறான்.

இதை முதலில் பார்த்தபோது இவன் துணிந்துவிட்டான் என்று நினைத்தேன். வருடங்கள் கழித்து மறுபடி பார்த்தபோது அந்தக் காட்சி வேறு மாதிரி தெரிந்தது. அங்கே துணிச்சல் எதுவும் இல்லை. ஒரு சிறுவனின் குற்ற உணர்வை நெம்புகோலாக்கி அவனை ஏற்றி உட்கார வைக்கிறார்கள். சுற்றி நிற்கும் அத்தனை பெரியவர்களுக்கும் அது தெரியும்.

நான்காவது எபிசோடில் சண்டையே கிடையாது. ஷின்ஜி வீட்டை விட்டுப் போய்விடுகிறான். ரயிலில் உட்கார்ந்து நாள் முழுக்கச் சுற்றுகிறான். காதில் ஒரு சின்ன டேப் பிளேயர். அதில் 25-ஆவது பாட்டும் 26-ஆவது பாட்டும் மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஏறுபவர்கள் ஏறுகிறார்கள், இறங்குபவர்கள் இறங்குகிறார்கள், இவன் மட்டும் இறங்கவில்லை. ஒரு சண்டைத் தொடர் நான்காவது வாரத்திலேயே இதற்கு ஒரு முழு எபிசோடைக் கொடுத்திருக்கிறது என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம்.

பார்க்கும் வரிசை: 26 எபிசோடு, அதன் பிறகு 1997-இல் வந்த எண்ட் ஆஃப் எவாஞ்சலியன் படம். 2007 முதல் 2021 வரை வந்த நான்கு படங்களை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவு ரயில்

பழையநாடா சொன்னதில் ஒரு வரி கூட எனக்கு மறுப்பில்லை. ஆனால் நண்பர் பேய், சாபம் என்று கேட்டிருக்கிறார். எவாவில் வருபவற்றுக்குத் தேவதூதர்கள் என்று பெயர் இருந்தாலும், முதல் பாதி பெரும்பாலும் ராணுவம், ஆய்வுக்கூடம், மின்சார இணைப்பு என்றுதான் போகும். டோக்கியோ கூல் முடித்த கையோடு அதில் இறங்கினால் தடுமாறலாம்.

நான் சொல்வது மடோக்கா மாஜிக்கா. 2011, 12 எபிசோடு, ஷாஃப்ட் ஸ்டுடியோ. எழுதியவர் கென் உரோபுச்சி, இசை யூகி கஜியுரா.

ஒரு சின்னப் பிராணி வந்து, உன் ஆசை எதுவானாலும் ஒன்றை நிறைவேற்றித் தருகிறேன், பதிலுக்கு மாயச் சிறுமியாகிச் சூனியக்காரிகளோடு சண்டை போடு என்று கேட்கிறது. தொடரின் தலைப்பில் இருக்கும் பெண் மடோக்காதான். ஆனால் அவள் சரி என்று சொல்லத் தயங்கிக்கொண்டே இருக்கிறாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சம்மதித்து, அதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறாள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் யோசிக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய கதை இது. இந்த வகையில் அப்படி ஒன்று மிக அபூர்வம், ஏனென்றால் வழக்கமாக முதல் எபிசோடின் கடைசி ஐந்து நிமிடத்தில் சக்தி வந்துவிடும், அதன் பின் தயக்கத்துக்கு இடமே இருக்காது.

மடோக்காவின் அம்மாவையும் கவனியுங்கள். காலையில் கண்ணாடி முன்னால் நின்று பல் தேய்த்துக்கொண்டே இருவரும் பேசுவார்கள். இந்தத் தொடரில் நான் மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கும் காட்சிகள் அவைதான். அம்மா நல்லவள், மகள்மேல் நம்பிக்கை உள்ளவள், கேட்டால் நல்ல யோசனை சொல்பவள். மகள் எதில் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

நிழல்வாசி

மடோக்காவின் போஸ்டரைப் பார்த்திருக்கிறேன். ரோஜா நிற உடை, ரிப்பன், பெரிய கண்கள். சின்னப் பிள்ளைகளுக்கானது என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். நான் கேட்ட இருட்டு உண்மையிலேயே அதில் இருக்கிறதா?

நள்ளிரவு ரயில்

மூன்றாவது எபிசோடு முடியும் வரை பாருங்கள். அதற்குமேல் எதையும் தேடிப் படிக்காதீர்கள், படங்களைக் கூடத் தேடாதீர்கள். சூனியக்காரிகளின் இடத்துக்குள் போகும்போது ஓவியமே மாறும், வெட்டி ஒட்டிய காகிதமும் துணியும் போல. அங்கேயே உங்கள் சந்தேகம் பாதி தீர்ந்துவிடும்.

முதலில் ஒளிபரப்பானபோது 10 எபிசோடு முடிந்த நிலையில், 2011 மார்ச் பெரும் நிலநடுக்கத்தால் கடைசி இரண்டும் ஏப்ரலுக்குத் தள்ளிப்போயின. அந்தப் பத்தாவது எபிசோடை முடித்துவிட்டு ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

மங்காமுதலில்

டோக்கியோ கூல் பிடித்தது என்றால் பாரசைட்தான் உங்களுக்கு அடுத்த தொடர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்கு முன் டோக்கியோ கூல் பற்றி ஒரு வார்த்தை. முதல் சீசனோடு நிறுத்தியது நல்லது. 2015-இல் வந்த இரண்டாவது சீசன் மங்காவை விட்டு வேறு வழியில் போகிறது. அதன் பிறகு வந்தது மறுபடி மங்காவைத் தொடர்கிறது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்து பல விஷயம் புரியாது. சுய் இஷிதாவின் மங்காவை முதலிலிருந்து படியுங்கள், முதல் பகுதி 14 தொகுதி, இரண்டாவது பகுதி 16 தொகுதி. மனிதரைத் தின்னும் கூலாகப் பாதி மாறிப்போன நாயகன் கனேகி ஹாம்பர்கரைக் கடித்துத் துப்பும் காட்சி மங்காவில் இன்னும் நெருக்கமாக இருக்கும். நேற்றுவரை பிடித்த சாப்பாடு இன்று வாயில் வைக்க முடியாததாகிவிட்டது. அவன் பயம் முழுவதும் நாக்கிலிருந்து ஆரம்பிக்கிறது.

பாரசைட்டிலும் இதே விஷயம்தான், ஆனால் இன்னும் மெதுவாக, இன்னும் பயமாக. ஹிதோஷி இவாகியின் மங்கா 1980களின் கடைசியில் தொடங்கியது. மேட்ஹவுஸ் ஸ்டுடியோ 2014-இல் 24 எபிசோடாக எடுத்தது. முழுக் கதையும் அதற்குள் முடிந்துவிடும், அடுத்த சீசனுக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஷின்இச்சி என்ற பள்ளி மாணவன் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தூங்குகிறான். மூளைக்குள் புக வந்த ஒட்டுண்ணிக்குக் காது வழி அடைபட்டிருக்கிறது. கை வழியே ஏறப் பார்க்கிறது. அவன் விழித்துக்கொண்டு அந்த இயர்போன் வயராலேயே கையை இறுக்கிக் கட்டிவிடுகிறான். அது மூளைக்குப் போக முடியாமல் வலது கையிலேயே தங்கிவிடுகிறது. அந்த நாளிலிருந்து அவன் கைக்குக் கண்ணும் வாயும் சொந்தப் புத்தியும் உண்டு. அதன் பெயர் மிகி. மிகிக்கு மனிதர்கள்மேல் பாசமோ வெறுப்போ கிடையாது. உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். மற்ற ஒட்டுண்ணிகள் மனிதர்களைத் தின்கின்றன. தானும் மிகியும் பிழைக்க வேண்டுமென்றால் ஷின்இச்சி சண்டை போட்டே ஆக வேண்டும். வீர சபதம் எல்லாம் எதுவும் இல்லை.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன், கதையின் திருப்பம் எதுவும் இதில் இல்லை. சாலையில் அடிபட்ட நாய்க்குட்டி ஒன்றை ஷின்இச்சி தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறான். அது சாகும் வரை கூடவே இருக்கிறான். பக்கத்தில் நிற்கும் அவன் தோழி முரானோ அவன் மனசை நினைத்து நெகிழ்ந்துபோகிறாள். குட்டி செத்ததும் அவன் எழுந்து போய் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வருகிறான். செத்துவிட்டதே, இனி அது நாய் வடிவில் இருக்கும் மாமிசம்தானே என்கிறான். முரானோவின் முகம் மாறுவதைப் பார்த்த பிறகுதான் தனக்குள் என்னவோ நடந்திருக்கிறது என்று அவனுக்கே தோன்றுகிறது. திரும்பிப் போய் எடுத்துப் புதைக்கிறான்.

எத்தனை சண்டை வந்தாலும் எனக்கு அந்தக் குப்பைத் தொட்டிதான் நினைவில் நிற்கிறது. சண்டை போட்டுப் போட்டு ஒரு பையன் பலசாலியாகிறான் என்றுதான் எல்லாக் கதையும் சொல்லும். இங்கே அந்தப் பலம் அவனிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டது என்று காட்டுகிறார்கள்.

கருப்புக்குடை

நான் சொன்ன செயின்சா மேன் பற்றி ஒரு விளக்கம் தர வேண்டும். ஏனென்றால் யோசித்துப் பார்த்தால் அதன் நாயகன் டென்ஜி சண்டைக்குத் தயங்குபவன் இல்லை. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகிறான்.

அவனுக்கு 16 வயது. செத்துப்போன அப்பா வைத்துவிட்டுப் போன கடனுக்காக யாகுசா என்னும் குண்டர் கும்பலிடம் வேலை செய்கிறான். சிறுநீரகத்தையும் ஒரு கண்ணையும் விற்றாகிவிட்டது. ரொட்டியில் ஜாம் தடவிச் சாப்பிடுவதுதான் கனவு. பின்னால் அரசாங்க வேலை கிடைத்து மூன்று வேளைச் சாப்பாடு கிடைத்ததும் சாத்தான்களோடு சண்டை போடுவது அவனுக்குப் பெரிய விஷயமாகவே தெரிவதில்லை. முடியாது என்று சொல்ல ஒரு வழி உண்டு என்பதே அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஷின்ஜிக்காவது மறுக்கத் தெரிந்திருந்தது.

2025-இல் வந்த ரெஸெ படத்தில் இதை நேராகவே தொடுகிறார்கள். 16 வயதுப் பையன் பள்ளிக்கூடமே போகாமல் சாத்தான் வேட்டைக்கு அனுப்பப்படுவது சரியில்லையே என்று ரெஸெ என்ற பெண் கேட்கிறாள். இருவரும் ராத்திரி ஒரு பள்ளிக்குள் நுழைகிறார்கள். யாருமில்லாத வகுப்பறை, கரும்பலகை, அவள் டீச்சர், இவன் மாணவன். அவன் வாழ்க்கையில் கிடைத்த பள்ளிக்கூடம் அவ்வளவுதான். அந்தக் காட்சி எனக்கு எந்தச் சண்டையை விடவும் வலித்தது. 12 எபிசோடையும் முடித்துவிட்டு அந்தப் படத்துக்குப் போங்கள்.

ஏழாம் வகுப்பறை

யாரும் கெக்காய்ஷியைச் சொல்லவில்லையே! 2006-இல் ஆரம்பித்து 52 எபிசோடு, சன்ரைஸ் ஸ்டுடியோ. மங்கா எல்லோ தனாபேவுடையது.

யோஷிமோரிக்கு 14 வயது. பகலில் படிக்கும் அதே பள்ளிக்கூட வளாகத்தை ராத்திரியில் காவல் காக்க வேண்டும், பேய்கள் அங்கே வந்தால் பலம் பெற்றுவிடும். பரம்பரைக் கடமை. தாத்தா விட மாட்டார். பையனுக்கோ கேக்கால் ஒரு பெரிய கோட்டை கட்ட வேண்டும் என்பதுதான் ஆசை, அதற்காக வரைபடமெல்லாம் போட்டு வைத்திருக்கிறான். ராத்திரி முழுக்க விழித்திருப்பதால் வகுப்பில் எப்போதும் தூங்கிக்கொண்டே இருப்பான்.

இந்தத் தூக்கத்துக்காகவே எனக்கு இந்தத் தொடர் பிடிக்கும். ராத்திரியில் அரக்கனோடு மோதிவிட்டுக் காலையில் பளிச்சென்று வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நாயகர்களைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். உடம்பு கணக்குக் கேட்கும் என்பதை இவர்கள் மறக்கவில்லை.

அவன் சண்டையை விட்டுவிட்டும் போகவில்லை. சின்ன வயதில் அவனைக் காப்பாற்றப் போய் பக்கத்து வீட்டு தோகினேவுக்குக் கையில் தழும்பு விழுந்தது. கண்ணெதிரே இன்னொருவருக்கு அடிபடக் கூடாது, அதுதான் அவனுக்கு இருக்கும் ஒரே காரணம். குடும்பப் பெருமை, வாரிசுப் பட்டம் எதிலும் அக்கறை கிடையாது. ஆரம்பம் லேசாக இருக்கும், பாதிக்கு மேல்தான் கனம் ஏறும். ஜுஜுட்ஸு அளவுக்கு ரத்தம் எதிர்பார்க்க வேண்டாம். மங்கா முடியும் முன்பே அனிமே முடிந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ரத்தமும் வேண்டும் என்றால் கா-ரெய் ஸீரோ. 2008, 12 எபிசோடு. ககுரா, யோமி என்று இரண்டு பெண்கள். கூடப் பிறக்காத அக்கா தங்கைகள். பேய் ஓட்டும் குடும்பத்தில் வளர்கிறார்கள். முதல் எபிசோடைப் பார்த்துவிட்டு நீங்கள் குழம்ப வேண்டும், அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள். இரண்டாவதையும் பார்த்த பிறகுதான் கதை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியும். அதற்குமேல் ஒரு சொல் சொன்னாலும் கெட்டுவிடும்.

பழையநாடா

கா-ரெய் ஸீரோவுக்கு என் ஓட்டும். அந்தக் கத்தி ககுராவுக்கு ஏன் அவ்வளவு கனமாக இருக்கிறது என்பது கடைசி இரண்டு எபிசோடில் தெரியும்.

நள்ளிரவு ரயில்

இரண்டு நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். நாம் எல்லோரும் பிள்ளைகளின் தயக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து, பெரியவர்களிடம் போய் நிற்கிறோம் என்று தோன்றுகிறது. ஷின்ஜியின் அப்பா, மடோக்காவின் அம்மா, யோஷிமோரியின் தாத்தா. டென்ஜிக்கு யாருமே இல்லை. நிழல்வாசிக்கு ஜுஜுட்ஸு ஏன் அவ்வளவு பிடித்தது என்பதற்கும் இதில் பதில் இருக்கலாம். அதில் நனாமி இருக்கிறார். நான் பெரியவன், நீ பிள்ளை, உன்னைக் காப்பாற்றுவது என் பொறுப்பு என்று யூஜியின் முகத்துக்கு நேராகச் சொல்கிற ஒரே ஆள். யூஜிக்கு அது பிடிக்கவில்லை, தன்னைச் சரிசமமாக நடத்த வேண்டும் என்று நினைக்கிறான். நனாமி அசைவதில்லை.

இந்த வழியில் போனால் நான் சொல்ல வேண்டியது மாப் சைக்கோ 100. 2016-இல் தொடங்கியது, போன்ஸ் ஸ்டுடியோ, 3 சீசன், மொத்தம் 37 எபிசோடு. இருட்டு குறைவு என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சிரிப்பு நிறைய இருக்கும், கோடுகள் கோணல்மாணலாக இருக்கும். ஆனாலும் பாருங்கள்.

மாப் நடுநிலைப் பள்ளி மாணவன். அவனிடம் இருக்கும் சக்திக்கு அளவே இல்லை. அதை யார்மேலும் பயன்படுத்த அவனுக்கு விருப்பமில்லை, அது என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும். ரெய்ஜென் என்ற போலிப் பேயோட்டி அவனை மணிக்கு 300 யென் கொடுத்து வேலைக்கு வைத்திருக்கிறார். பொய் சொல்லிப் பிழைப்பவர். பையனைச் சுரண்டுகிறார் என்றே தோன்றும். முதல் சீசனின் கடைசியில் பெரிய ஆட்கள் சூழ்ந்து நின்று அடிக்கிறார்கள். அவர்களைத் திருப்பி அடித்தே ஆக வேண்டும் என்கிற நிலைக்கு மாப் தள்ளப்படுகிறான். உள்ளே இருப்பது வெடிக்கப் போகிறது. அந்த நேரத்தில் ரெய்ஜென் அவனிடம் சொல்வது, பிடிக்கவில்லை என்றால் ஓடிவிடலாம் என்பதுதான்.

ஓடக் கூடாது என்று ஷின்ஜி தனக்குத்தானே சொல்லிக்கொண்ட 1995-க்கும், ஓடலாம் என்று ஒரு பெரியவர் சொல்லும் இந்தக் காட்சிக்கும் நடுவே 21 வருடம். நான் இரண்டையும் சேர்த்துத்தான் எப்போதும் நினைப்பேன்.

பழையநாடா

இதை இப்படி ஒருபோதும் சேர்த்துப் பார்த்ததில்லை. நன்றி நண்பரே. மாப்பை நான் கோணல் ஓவியத்துக்காகவே தள்ளி வைத்திருந்தேன். பார்க்கிறேன்.

மங்காமுதலில்

ஜுஜுட்ஸு கைசென் 0 படத்தை நிழல்வாசி சொல்லவே இல்லை. விட்டிருந்தால் அதை முதலில் முடியுங்கள். 2021 டிசம்பரில் வந்தது. யூத்தா என்ற பையன், அவன்மேல் ஒட்டியிருக்கும் செத்துப்போன சிறுவயதுத் தோழி. அவள் அவனைக் காப்பாற்றுகிறேன் என்று மற்றவர்களை நொறுக்குகிறாள், அதனால் அவன் வாழவே விரும்பாமல் ஒரு அறைக்குள் அடைந்து கிடக்கிறான். ஆசிரியர் கோஜோ கையில் முறுக்கிப்போன ஒரு கத்தியை வைத்துக்கொண்டு, இது என்ன என்று கேட்பார். அந்தக் கத்தி ஏன் முறுக்கியிருக்கிறது என்று புரியும்போது வயிற்றைப் பிசையும். மனம் சரியில்லாத நேரத்தில் பார்க்க வேண்டாம்.

கருப்புக்குடை

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகப் போட்டுவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

டோரோரோ, 2019, 24 எபிசோடு. அப்பா அரக்கர்களோடு செய்த ஒப்பந்தத்தால் கண், காது, தோல் எதுவும் இல்லாமல் பிறந்த பையன். ஒவ்வோர் அரக்கனைக் கொல்லும்போதும் உடம்பில் ஒரு பகுதி திரும்ப வருகிறது. காது திரும்பிய பிறகு உலகத்தின் சத்தம் தாங்காமல் அவன் தவிக்கும் எபிசோடுகள் வருகின்றன. திரும்பக் கிடைத்தது அவனுக்கு வரமாகவே தெரியவில்லை. ஒசாமு தெசுகா 1960களில் வரைந்த மூல மங்காவில் 48 அரக்கர்கள், இதில் 12-ஆகச் சுருக்கியிருக்கிறார்கள்.

போக்குரானோ, 2007, 24 எபிசோடு. கோடை முகாமுக்கு வந்த 15 பிள்ளைகளில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் ஒரு விளையாட்டு என்று நம்பி ஒப்பந்தம் போடுகிறார்கள். விதிகளைப் பற்றி எங்கும் படிக்காதீர்கள். இதுவும் ரோபோதான். ஆனால் இதை விட இருண்ட ஒன்றை நான் பார்த்ததில்லை.

ப்ளூ எக்ஸார்சிஸ்ட்டில் வரிசை முக்கியம். 2011 சீசன் 25 எபிசோடு, கடைசிப் பகுதி மங்காவில் இல்லாதது. 2017-இல் வந்த இரண்டாவது சீசன் அந்த முடிவை ஒதுக்கிவிட்டு மங்காவுக்குத் திரும்புகிறது. 17-ஆவது எபிசோடு வரை பார்த்துவிட்டு நேராக இரண்டாவதுக்குப் போனால் குழப்பம் இல்லை.

வொண்டர் எக் ப்ரையாரிட்டியை யாராவது சொல்வார்கள். படங்கள் அவ்வளவு அழகு, முதல் சில எபிசோடுகள் என்னை உலுக்கின. ஆனால் முடிவு எனக்கு ஏமாற்றமே. தற்கொலை பற்றிய கதை என்பதால் எச்சரிக்கையாகவே பரிந்துரைப்பேன்.

ஏழாம் வகுப்பறை

பழையது பரவாயில்லை என்றால் யூ யூ ஹகுஷோவும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1992, 112 எபிசோடு. யூசுகே முதல் எபிசோடிலேயே ஒரு சிறுவனைக் காப்பாற்றப் போய்ச் செத்துவிடுகிறான். இப்படி ஒரு நல்ல காரியத்துக்காக இவன் சாவான் என்று மேலுலகத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை, அதனால் இடம் கூட ஒதுக்கி வைக்கவில்லை. தன் சாவுக்கு யார் அழுகிறார்கள் என்று மேலே மிதந்துகொண்டு பார்க்கிறான். ஜுஜுட்ஸுவில் இதன் சாயலை நிறையப் பார்ப்பீர்கள். நீங்கள் கேட்ட இருட்டு சென்சுய் என்ற வில்லன் வரும் பகுதியில் இருக்கிறது, அதற்கு முன் பெரிய போட்டிப் பகுதி ஒன்றைத் தாண்ட வேண்டும்.

நிழல்வாசி

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வந்திருக்கிறேன்.

பாரசைட்டை நான்கு இரவில் முடித்தேன். அந்த நாய்க்குட்டிக் காட்சி வரும் என்று தெரிந்திருந்தும் தாங்கவில்லை. மங்காமுதலில் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அவன் குட்டியைத் திரும்ப எடுத்துப் புதைக்கிறானே, அப்போதும் முகத்தில் அழுகை இல்லை. செய்ய வேண்டியது எது என்று அவனுக்கு நினைவிருக்கிறது, அதைச் செய்கிறான். அழுகை மட்டும் வரவில்லை. எனக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

மடோக்கா மூன்றாவது எபிசோடு பார்த்தேன். நள்ளிரவு ரயில், நீங்கள் சொன்னது சரி. இப்போது ஒன்பது வரை வந்திருக்கிறேன்.

அப்புறம் நேற்று இரவு வேண்டுமென்றே எவாஞ்சலியன் நான்காவது எபிசோடையும் மாப் முதல் சீசனின் கடைசியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். ரயிலில் டேப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஷின்ஜி இறங்கவே இல்லை, எதிரில் இருக்கும் இருக்கைகள் நிறைந்து காலியாகின்றன. அந்தப் பெட்டிக்குள் ரெய்ஜென் ஏறி எதிரில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்று இரவு கா-ரெய் ஸீரோ. இரண்டாவது எபிசோடு முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன், அதுவரை அதைப் பற்றி யாரும் எதுவும் போடாதீர்கள்.